ஒரு தட்டு, ரெண்டு தட்டு

வடபழனி,
9 ஜூன் 2025

தேவானைக்கு,

கதிரேசன் எழுதுவது. கிழித்துப் போடாதே. முதலில் படி, அப்புறம் கிழி.

போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். உன் அக்கா போனுக்குப் போட்டால், "அவ பேசமாட்டாளாம் தம்பி, முருகன் மேல ஆணையாம்" என்று சொல்லிவிட்டு சீதாக்கா மீன் வெட்டப் போய்விடுகிறார். ஹாஸ்டலில் இருக்கும் நம் பெண் நிஷாதான் வழி சொன்னாள். "அம்மா பேசமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணுச்சு? படிக்கமாட்டேன்னு சொல்லலியே நைனா. லெட்டர் போடு" என்றாள். கவர் வாங்கி அங்கேயே முதலில் அட்ரஸை எழுதினேன். தபால் ஆபீஸில் இருந்த அம்மா நொச்சிக்குப்பம் என்பதைப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து பஸ் ஏறினா போயிடலாமே சார்" என்று கேட்டார். கவரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நடந்ததற்கு என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். முதலாளி யூனிட் வேனை விற்கப் போகிறார். ஷூட்டிங்குக்கு லைட் ஏற்றிப் போகும் அந்த வேனைத் தவிர எனக்கு வேறு வண்டி தெரியாது. ஹெவி லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், சரி. மேற்கு மாம்பலம் டிரைவிங் ஸ்கூலில் அதை எப்படி எடுத்தேன் என்று உனக்கே தெரியும். பழைய லாரியில் கிரவுண்டைச் சுற்றினோம், பிரேக் முழுக்க வாத்தியார் காலில்தான் இருந்தது. கையில் லைசென்ஸ் இருக்கிறது, லாரி ஓட்டத் தெரியாது. இந்த லட்சணத்தில் ரெண்டு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள்.

ஒன்று, அடையாறு அப்துல் கய்யூம் பாயின் தண்ணி லாரி. நாளைக்கே ஏறலாம். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. "ஓட்ட ஓட்டத் தானா வரும் நைனா" என்கிறார். இன்னொன்று, ஒரகடம் பக்கத்து டிரெய்லர் கம்பெனி. அவர்களே யார்டில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்து வேலையும் கொடுப்பார்கள். ஆனால் ரெண்டு வருஷம் அங்கேயேதான் கிடக்க வேண்டும். நாக்பூர், டெல்லி என்று கிளம்பினால் வாரக்கணக்கில் வீடு கிடையாது. ஒரிஜினல் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு.

எதில் சேர்வது என்று மண்டை காய்ந்துபோய்த்தான் பூ கட்டிக் கொண்டுவந்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது ஊர் உலகத்தில் இல்லாத வழக்கமா? வரிசையில் முன்னால் நின்ற குழந்தையைக் கூப்பிட்டேன். அதற்குப் போய், "பக்கத்துல பொண்டாட்டின்னு ஒருத்தி நின்னுக்கினு கீறேன், யார் பெத்த கொழந்தையையோ கேக்குறியா?" என்று கத்தினாய். "நீயா ஒரு முடிவு எடுக்குற வரிக்கும் உங்கூட பேசுனா இன்னான்னு கேளு" என்று கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாய். குருக்களே ஆடிப்போய்விட்டார்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. குழந்தை எடுத்தது வெள்ளை. ஆனால் வெள்ளைக்கு எதை நினைத்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது! வீட்டில் கட்டும்போது வெள்ளை என்றால் தண்ணி லாரி என்று நினைத்தேன். வரிசையில் நிற்கும்போது, கம்பெனி டிரெய்லர் வெள்ளை நிறமாச்சே என்று தோன்றி மாற்றிக்கொண்டேன் போல இருக்கிறது. மாற்றினேனா, மாற்றலாம் என்று நினைத்ததோடு விட்டேனா, தெரியவில்லை. நீ கத்தின கத்தில் எல்லாம் கலைந்துவிட்டது. முருகன் பதில் சொல்லிவிட்டான், எனக்குத்தான் புரியவில்லை. சிவப்புப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

நீ இல்லாமல் வேனை நம் சந்துக்குள் ரிவர்ஸில் விட முடியவில்லை. பின்னால் நின்று பாடியில் தட்ட ஆள் இல்லை. டெப்போ சுவர் ஓரமாக விட்டுவிட்டு நடந்து வருகிறேன்.

எழுது.

கதிரேசன்


நொச்சிக்குப்பம்,
13 ஜூன் 2025

கதிரேசனுக்கு,

"மாமா" என்று ஆரம்பிக்கவில்லையே என்று பார்க்கிறாயா? மாமா, மச்சான் எல்லாம் பேச்சுவார்த்தை இருக்கிறவர்களுக்கு. காகிதத்தைப் பற்றி நான் சத்தியத்தில் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நிஷா வரட்டும், அவளுக்கு இருக்கிறது.

குழந்தையைக் கூப்பிட்டது வழக்கம்தான். எனக்கு அந்த வழக்கம் தெரியாதா? என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அந்தக் குழந்தை இல்லை. அது கடைசி ஆள். அதற்கு முன்னால் யார் யாரைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். டீ மாஸ்டரைக் கேட்டாய். சீரியலில் மாமியாராக நடிக்கிற அம்மாவின் கார் டிரைவரைக் கேட்டாய். மேக்கப்மேன் நிரஞ்சனைக் கேட்டாய், அந்த ஆள் பிறந்ததிலிருந்து சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கீழ்வீட்டு வாட்ச்மேன், பூக்காரம்மா, சலூன்காரர், கடைசியாக முருகன். அடுப்படியில் நான் நிற்கிறேன், என்னைத் தாண்டித்தான் இத்தனை பேரிடமும் போனாய். எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்தாயா, இல்லை நான் உன் கணக்கிலேயே இல்லையா? இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே தலை சுற்றுகிறது.

சரி, அது போகட்டும். இத்தனை பேரைக் கேட்டாயே, வேலை கொடுக்கிற அந்த ரெண்டு பேரை ஒரு வார்த்தை கேட்டாயா? லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று "பேச்சு" என்கிறாய். யார் பேச்சு? டீ மாஸ்டர் பேச்சா?

ஒன்றே ஒன்று கேள். முதல் மாசம் உன் பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள்? அதைக் கய்யூம் பாயிடம் கேள். ஒரகடத்துக்குப் போய் அங்கேயும் கேள். பதிலை எனக்கு எழுது, உன் மண்டைக்குள் வைத்துக் கலக்காதே.

இங்கே நான் அக்காவோடு மீன் கடையில் உட்காருகிறேன். வருகிறவள் போகிறவள் எல்லாம், "இன்னாடி, புருஷனாண்ட சண்டையா?" என்கிறாள். இல்லை, லீவுக்கு வந்தேன் என்கிறேன். ஒருத்தியும் நம்பவில்லை.

வேனை டெப்போ ஓரமாக விடாதே, கண்ணாடியை உடைப்பார்கள். எதிர்வீட்டு ஆளைப் பின்னால் நிற்கச் சொல்லி ஓட்டு. ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, ரெண்டு தட்டு தட்டினால் வா. இதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

தேவானை


வடபழனி,
17 ஜூன் 2025

தேவானைக்கு,

கேட்டேன். ரெண்டு இடத்திலும் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம், இப்போது குழப்பம் டபுள்.

கய்யூம் பாய் மறைக்கவில்லை. டீ சொன்னார், உட்காரச் சொன்னார். பக்கத்து சீட்டில் யார் பாய் என்றேன். சிரித்தார். "யாரும் இல்ல நைனா. க்ளீனர்கூட நின்னுட்டான். நீயும் தண்ணியும்தான்" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லாத ஆள். பொய் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது வந்திருப்பேன். "இன்னா பயம்? நானும் அப்படித்தான் கத்துக்கினேன்" என்று தோளில் தட்டினார். அவர் விரலில் ரெண்டு இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். அது லாரியால் போனதா வேறெதாலா என்று கேட்க வாய் வரவில்லை.

அப்புறம் ஒரகடம் போனேன். பயிற்சி கொடுக்கிறவர் பெயர் பொன்ராஜ், திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். "மொத மூணு மாசம் சீனியர் டிரைவர் பக்கத்துலயே இருப்பாரு அண்ணாச்சி. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் தனி வண்டி" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் கேட் பக்கத்தில் ஒரு டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டேன். உடனே திட்டாதே, அவர் அங்கேயே வேலை செய்கிறவர். "சொல்லிக்கொடுக்குறது எல்லாம் ஒழுங்காத்தான் கீது. ஆனா எம் பையன் ஸ்கூல் சேர்ந்தது, முட்டில அடிபட்டது, எல்லாம் போன்லதான் பாத்தேன்" என்றார். வார்த்த பால் அங்கேயே திரிந்துவிட்டது.

லைசென்ஸ் விஷயத்தைக் கேட்க மறந்துவிட்டேன். பஸ் ஏறினபின்தான் ஞாபகம் வந்தது.

வேனை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த மாசத்தோடு சரி. எதிர்வீட்டுக்காரர் பின்னால் நின்றார். தட்டுவதற்குப் பதிலாக "அச்சச்சோ" என்றார். அச்சச்சோவுக்கு நிற்பதா வருவதா? பின்பக்க லைட் போய்விட்டது.

தேவானை, என்னால் முடியவில்லை. நீயே சொல்லிவிடு. தண்ணி லாரியா, டிரெய்லரா? நீ சொல்கிற இடத்துக்கு மறுபேச்சு இல்லாமல் போகிறேன்.

கதிரேசன்


நொச்சிக்குப்பம்,
21 ஜூன் 2025

கதிரேசனுக்கு,

சொல்லமாட்டேன்.

நான் சொல்லி நீ போனால் நாளைக்கு டயர் பஞ்சரானாலும் நான்தான் காரணம், நாக்பூரில் மழை பெய்தாலும் நான்தான் காரணம். உன்னை எனக்குத் தெரியாதா? கல்யாணமான மூன்றாம் வருஷம் நான் எடுத்துக்கொடுத்த சட்டை சாயம் போனதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாய்.

"நீயா ஒரு முடிவு எடுக்குற வரிக்கும்" என்றுதான் சத்தியம். நான் முடிவெடுத்துக் கொடுத்தால் அது நீ எடுத்ததா? சாமி குற்றம் ஆகிவிடாதா? அப்புறம் ஆயுசுக்கும் பேச முடியாது. அதற்குத்தான் ஆசைப்படுகிறாயா?

இதை நானும் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். டிரெய்லர் என்று நினைத்தால் தண்ணி லாரி நல்லதாகத் தெரிகிறது. தண்ணி லாரி என்று நினைத்தால் டிரெய்லர். உன் வியாதி தபாலில் வருகிறது போல.

அக்கா ஒன்று கேட்கச் சொன்னாள். குழந்தை கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாயே, அப்போது எது வந்துவிடக்கூடாது என்று உனக்கு நெஞ்சு அடித்தது? அதை விட்டுவிட்டு மற்றதை எடு என்கிறாள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. யோசித்து உண்மையை எழுது.

லைசென்ஸ் விஷயத்தைக் கேள். மறக்காதே. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போ.

தேவானை


வடபழனி,
28 ஜூன் 2025

தேவானைக்கு,

சீதாக்கா கேள்விக்குப் பதில்: ரெண்டும் வந்துவிடக்கூடாது என்றுதான் நெஞ்சு அடித்தது.

வேன் போய்விட்டது. வாங்கினவர் எடுத்துக்கொண்டு போகும்போது சந்துமுனை வரைக்கும் கூடவே போனேன். நானும் ஏறிக்கொள்வேனோ என்று நினைத்தார் போல, கதவை உள்ளே பூட்டிக்கொண்டார்.

முடிவு எடுத்துவிட்டேன். கய்யூம் பாய் லாரிதான். நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் நீ நினைப்பாய், வாயால் சொல்லமாட்டாய். நேற்றும் முந்தாநாளும் ஓட்டினேன். பரவாயில்லை. சின்ன விஷயம் ஒன்று நடந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை, நேரில் சொல்கிறேன். கை சுளுக்கியிருக்கிறது, அதனால் எழுத்து கோணல்.

முடிவெடுத்துவிட்டதால் உன் சத்தியம் முடிந்தது. போனை எடு.

கதிரேசன்


நொச்சிக்குப்பம்,
2 ஜூலை 2025

யோவ்,

சின்ன விஷயமா? மந்தைவெளி இஸ்திரிக்காரர் பெண்சாதி அக்காவிடம்தான் மீன் வாங்குகிறாள் என்பது உனக்கு எப்படித் தெரியும்? கடைக்கு வந்து கதை கதையாகச் சொல்கிறாள், அது என் புருஷன் என்று தெரியாமல். நான் வவ்வால் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

"புதுசா ஒரு டிரைவர்க்கா. பாதித் தண்ணிய ஒரு வீட்ல எறக்கிட்டு, மீதிப் பாதியோட சந்துல ரிவர்ஸ் எடுக்குறான். ஒருத்தன் ரைட்ல ஒடின்றான், ஒருத்தன் லெப்ட்ல ஒடின்றான், ஒருத்தன் வா வான்றான், ஒருத்தன் நிறுத்துன்றான். அந்த ஆளு எல்லார் சொல்றதையும் கேட்டுக்கினே வந்து எங்க வண்டி மேல ஏத்திட்டான்" என்கிறாள். இஸ்திரி வண்டி கவிழ்ந்து, துணியெல்லாம் சேற்றில் விழுந்து, மேல்வீட்டு அபயாம்பாள் மாமி பால்கனியிலிருந்து, "ஐயோ, எங்காத்து வேஷ்டியெல்லாம் போச்சே, கல்யாணத்துக்குக் கிளம்பிண்டிருக்கோமே!" என்று கத்தினாராம். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன்.

ஏனென்றால் இன்னொன்றும் சொன்னாள். வண்டி கவிழ்கிற நேரத்துக்குத்தான் அவள் புருஷன் கரி வாங்க நகர்ந்தாராம். இல்லையென்றால் அவர் நின்ற இடம் அதுதானாம். கதிரேசா, அந்த ஆள் அங்கே நின்றிருந்தால்? இன்றைக்கு நீ எங்கே இருப்பாய்? அவள் எங்கே இருப்பாள்?

நான் பக்கத்தில் இருக்கச் சொன்னேனா உன்னை? எப்போது சொன்னேன்? என் மனசில் இருப்பதையும் நீயே கண்டுபிடித்து, நீயே அதற்குப் பதிலும் சொல்லி, அதை முடிவு என்கிறாய். அது முடிவு இல்லை. போனை எடுக்கமாட்டேன்.

என்னைத்தான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது கேட்காமலே சொல்கிறேன். நீ தூரம் போனால் எனக்குப் பயமாக இருக்கிறது. நிஷாவும் இல்லை, நீயும் இல்லை என்றால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? ஆனால் தெரியாத வண்டியை நீ தனியாகப் பக்கத்துத் தெருவில் ஓட்டுவது அதைவிடப் பயமாக இருக்கிறது. ரெண்டு பயமும் எனக்கு இருக்கிறது. எது பெரியது என்று நீ கேட்கவே இல்லை.

ஏன்யா கேட்கவில்லை?

தேவானை

கைக்கு எண்ணெய் போட்டு நீவு. கடையில் விற்கிற ஸ்பிரே வேண்டாம்.


வடபழனி,
7 ஜூலை 2025

தேவானைக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சாப்பிடவில்லை.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றை மட்டும் அவள் பார்த்திருக்க முடியாது. டாங்க் நிறையத் தண்ணீர் இருந்தால் அது ஆடாது. காலியாக இருந்தாலும் தொல்லை இல்லை. பாதி இருந்தால்தான் ஆபத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பிரேக்கை அமுக்கிவிட்டேன் தேவானை, சத்தியமாக அமுக்கினேன். உள்ளே இருந்த தண்ணீர் நிற்கவில்லை. அது பின்னால் ஓடி லாரியை இழுத்துக்கொண்டு போனது. கய்யூம் பாய் வந்து பார்த்துவிட்டு, "பாதி லோடுல ஆடும்னு சொல்ல மறந்துட்டேன் நைனா" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. இஸ்திரிக்காரருக்குப் புது வண்டி அவரே செய்து கொடுத்துவிட்டார்.

ஏன் கேட்கவில்லை என்கிறாய். மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எதையும் கேட்காமல் இருந்துவிடலாம். உன்னைக் கேட்டால் நீ ஒன்றுதான் சொல்வாய். அப்புறம் அதைச் செய்தாக வேண்டும். அந்தப் பயம்தான். நீ என் கணக்கில் இல்லை என்று எழுதியிருந்தாய். கணக்கில் நீ மட்டும்தான் இருக்கிறாய்.

நேற்று மறுபடியும் ஒரகடம் போனேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன், வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. லைசென்ஸ் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டுமா என்றேன். ஆபீஸில் இருந்த ஆள் ஆமாம் என்றார். கொடுக்கமாட்டேன் என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "சரி, ஜெராக்ஸ் குடுங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். ரெண்டு வருஷம் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிற இடம் அது ஒன்றுதான். நாளைக்குக் கிளம்புகிறேன். ஞாயிறு தவிர மற்ற நாளில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்களாம், அது நமக்கு ஒன்றும் புதிது இல்லை.

இது நானாக எடுத்த முடிவா, உன் கடிதம் என்னைத் தள்ளிக்கொண்டு போன முடிவா என்று தெரியவில்லை. நேற்று பஸ்ஸில் வரும்போது சரி என்று தோன்றியது. இப்போது பையில் லுங்கியை மடித்து வைக்கும்போது தப்போ என்று இருக்கிறது.

கதிரேசன்


நொச்சிக்குப்பம்,
12 ஜூலை 2025

கதிரேசனுக்கு,

யார்டு அட்ரஸை நிஷாவிடம் வாங்கினேன். இதோடு பார்சலில் இட்லிப் பொடி, கருவாட்டுத் தொக்கு. தொக்கை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசாதே, நீ சாப்பிடு.

"கணக்கில் நீ மட்டும்தான்" என்று எழுதியதை அக்கா படித்துவிட்டாள். மீன் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. நன்றாக இரு.

தேவானை


ஒரகடம்,
31 ஜூலை 2025

தேவானைக்கு,

தொக்கு தீர்ந்துவிட்டது. பாதி பொன்ராஜ் தின்றது. நான் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

இங்கே என்னைவிட வயதானவர் ஒருத்தரும் இல்லை. பையன்கள் "அங்கிள்" என்கிறார்கள். முதல் வாரம் தினமும் ராத்திரி பையைக் கட்டி வைத்தேன், தினமும் காலையில் பிரித்தேன். டிரெய்லரை நேராக ஓட்டுவது கஷ்டமில்லை. பின்னால் எடுப்பதுதான். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் பின்னால் இருப்பது எதிர்ப்பக்கம் போகிறது. என் புத்தி மாதிரியே.

ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கிற பையன்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். மந்தைவெளிச் சந்துக்கு மறுபடியும் போன மாதிரி இருந்தது. ரெண்டு தடவை டிரம்மை இடித்தேன். பொன்ராஜ் கதவைத் திறந்து என்னை இறக்கினார். "அண்ணாச்சி, பத்து பேரு கத்துனா என்ன செய்வீய?" என்றார். எல்லார் சொல்வதையும் கேட்டு நடுவில் எடுப்பேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். "பத்து பேரு கத்துனா வண்டிய நிறுத்திரணும். இறங்கிப் போயி ஒரு ஆள நிக்க வைக்கணும். அந்த ஒரு ஆளு சொல்லுதத மட்டும்தான் கேக்கணும். மத்தவன் கடவுளா இருந்தாலும் கேக்கப்பிடாது" என்றார்.

நான் ஒரு பையனைப் பின்னால் நிறுத்தி, கத்தாதே, தட்டு என்றேன். ஒரு தட்டு என்றால் நில், ரெண்டு தட்டு என்றால் வா. பொன்ராஜ் சிரித்தார், இது எந்த ஊர் பழக்கம் அண்ணாச்சி என்றார். வடபழனி என்றேன். கோட்டுக்குள் போய் நின்றது வண்டி. பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதல் டிரிப் நாக்பூர். சீனியர் டிரைவர் கூட வருகிறார். போவதற்கு முன்னால் சனிக்கிழமை ஒன்பதாம் தேதி ஒரு நாள் லீவு. சரியான இடத்துக்குத்தான் வந்தேனா என்று இப்போதும் தெரியாது. பக்கத்து சீட்டு நிறைந்திருக்கும் என்பது மட்டும் தெரியும். வீட்டில் உன் இடம் காலியாக இருக்குமோ என்பதுதான் இப்போது இருக்கிற குழப்பம்.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் எந்தப் பக்கம் வர வேண்டும்? வடபழனிக்கா, நொச்சிக்குப்பத்துக்கா? இதை யாரையும் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

கதிரேசன்


வடபழனி,
5 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

மேலே ஊர் பெயரைப் பார்த்தாயா? இன்னொரு தடவை பார்.

நேற்றே வந்துவிட்டேன். வீடா அது? பால் பாக்கெட்டை அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய், எறும்பு குடித்தனம் நடத்துகிறது. சாமி படத்துக்கு முன்னால் உன் சிவப்புப் பொட்டலம் காய்ந்து கிடந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே செடித் தொட்டியில் புதைத்தேன்.

ரெண்டு வருஷம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பயம்தான். அதை மறைத்து எழுத மாட்டேன். போகாதே என்றும் எழுத மாட்டேன். நாக்பூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிஷாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே ஆரஞ்சு நன்றாக இருக்குமாம், வாங்கி வா.

சத்தியத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நீயாக முடிவு எடுக்கும் வரை பேசமாட்டேன் என்றேன். நீ எடுத்தது உன் முடிவா, என் கடிதத்துக்குப் பயந்து எடுத்ததா என்று உனக்கே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முருகனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? கோயிலில் குருக்களைக் கேட்கலாம் என்று கிளம்பினேன். சந்துமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். நம் ரெண்டு பேர் விஷயத்தை மூன்றாவது ஆளிடம் கேட்டால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அதனால் பேசப்போவதில்லை. தட்டக்கூடாது என்று நான் சத்தியம் எதுவும் பண்ணவில்லை.

சனிக்கிழமை நீ வரும்போது கதவு சாத்தியிருக்கும். பெல்லை அமுக்காதே. வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடு. நான் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் அங்கேயே நில். ரெண்டு தட்டு என்றால் வா.

ரெண்டுதான் தட்டுவேன். அதுதான் எழுதிவிட்டாளே என்று மிதப்பாக வந்து நிற்காதே. கொஞ்ச நேரம் வாசலில் நின்று பயந்துவிட்டு வா.

தேவானை